தொட்டுப் பார்த்து வாங்கும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நீ கெட்டிக்காரன். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. பூனா ஹிஞ்சவடியில கம்ப்யூட்டர் தட்டுதவன், வாக்கட்ல உச்சாணி மாடியில வீடு வாங்குனவன். ஒனக்கு வண்டி வாங்கப் புத்தி சொல்ல நான் யாரு? கோவில்பட்டியில குஷன் கடை போட்டு, ரெக்ஸினும் ஸ்பாஞ்சும் பசை டப்பாவுமா ஆயுசப் போக்குன கெழவன். அம்பாசிடர் சீட்டுலருந்து மினி பஸ் சீட்டு வரைக்கும் கிழிஞ்சதத்தான் பாத்துருக்கேன். கிழியாத வண்டிய எவனும் எங்கிட்டக் கொண்டாந்ததில்ல பாத்துக்கோ. அதனால எம் புத்தி கொஞ்சம் கோணல் புத்தி.

அந்த ஷோரூம் பையன் "சார், சாஃப்ட் டச் சார்"ன்னதும் நீ டேஷ்போர்ட ஒத்த விரலால அமுக்கிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்ச பாரு! நீ பொறந்த அன்னைக்கு ஒங்கப்பன்கூட அப்படிச் சிரிக்கல. அடுத்து கதவுக் கைப்பிடியத் தடவுன. அடுத்து வெள்ளையுமில்லாம பழுப்புமில்லாம ஒரு சீட்டு, அதுக்குப் பேரு பேஜாம், அதத் தடவுன. அப்புறம் மூக்கத் தூக்கி ஒரு இழுப்பு: "தாத்தா, புது வண்டி வாசனை!" பேஷ். வாங்கிரு. நான் தடுக்கல. எல்லாரும் இப்படித் தொட்டுப் பாத்து வாங்குனாத்தான் எங்க தொழில் நடக்கும்.

நீ சொக்கிப் போயி இழுத்தியே, அந்த வாசனை என்னன்னு தெரியுமா? டேஷ்போர்டுத் தோல்லருந்தும் பசையிலருந்தும் ஸ்பாஞ்சுலருந்தும் கெளம்பி ஓடுத ஆவி. பிவிசின்னு ஒரு சரக்கு இருக்கே, வீட்டுல தண்ணிக் குழாயா நிக்கே, அதேதான் இங்கயும். தன்னால அது மெத்துன்னு இருக்காது, முரட்டுப் பய. உள்ள எண்ணெய் பதத்துல ஒரு மருந்தக் கலந்து வளைய வைக்கான். பிளாஸ்டிசைசர்னு பேரு. வெயில்ல நிறுத்தி வைக்க வைக்க அந்த மருந்து ஆவியா வெளிய வந்து முன்கண்ணாடியில உள்பக்கமாப் படலம் கட்டும். ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் பட்டா மங்கலடிக்கும். நீ தொடப்பே, அது மறுபடி படியும். இப்படியே மருந்து பூராம் போயி, ஒரு கோடையில டேஷ்போர்டு வெறைச்சு வெடிப்பு விடும். ஜெர்மன்காரன் இதுக்குன்னே சோதனை வச்சிருக்கான். ஒரு துண்ட வெட்டிப் போட்டு 100 டிகிரியில 3 மணி நேரம் சூடு காட்டுதான், மேல குளுந்த கண்ணாடிய மூடி அது எவ்வளவு மங்குதுன்னு அளக்கான். நல்ல சரக்குல கலக்குத மருந்து கனமானது, லேசுல வெளிய வராது, காசும் கூட. மலிவுச் சரக்குல இருக்கது அவசரக்காரன். ஷோரூம்ல கமகமன்னு மணக்குதுன்னா உள்ள இருக்கது அப்பவே ஆவியாக் கெளம்பிட்டுன்னு அர்த்தம். ஆகவே, நல்லா மணக்குத வண்டியாப் பாத்து எடு.

"பூனா குளுந்த ஊரு தாத்தா"ன்னு சொல்லுத. ஜனவரி காலையில சொல்லு, ஒத்துக்கிடுதேன். ஏப்ரல்ல 38, 40ன்னு போகையில, ஒங்க ஆபீஸ் வெட்டவெளியில பகல் பூராம் நிக்குத வண்டிக்குள்ள கைய விட்டுப் பாரு. கண்ணாடிக்குக் கீழ வெயிலு நேராப் படுத டேஷ்போர்டு 70 டிகிரிய லேசாத் தாண்டும். அப்ப ஒன் விரலுக்கு மெத்துன்னு இருக்கா, சுள்ளுன்னு இருக்கான்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு.

தட்டுனா டொக்குன்னு சத்தம் கேக்குமே, அந்த மொரட்டுப் பிளாஸ்டிக்கு, ஒனக்குப் புடிக்காதே, அது பாலிபுரொப்பிலீன். டால்கம் கல்லுப் பொடியக் கலந்து வாத்தெடுக்கான். சாயம் உள்ளயே ஊறிக் கெடக்கும். மேல பூச்சு இல்ல, தோல் இல்ல. உரியுறதுக்கு ஒண்ணுமே இல்லையே, என்னத்த உரியும்? கீறினா வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். வெயிலுக்குன்னு கலக்க வேண்டிய மருந்த ஒழுங்காக் கலந்துருந்தா வண்டியோட தகரம் துருப்புடிச்ச பெறகும் அது அப்படியே கெடக்கும். அதத் தட்டிப் பாத்துட்டு "சீப்பா இருக்கு தாத்தா"ன்னு ஒதட்டப் பிதுக்குன பாரு, ரசனைன்னா அது ரசனை!

இன்னொரு மினுக்கு உண்டு. சாதா பிளாஸ்டிக்குக்கு மேலயே ரப்பர் பதத்துல ஒரு பெயிண்ட அடிச்சு, பீச் பழத் தோலு கணக்கா ஆக்கிருவான். ஸ்விட்சு, கைப்பிடி, பக்கத்துப் பலகை எல்லாத்துக்கும். பாலியூரித்தேன் பூச்சு. காத்து ஈரமும் கை வேர்வையும் சேந்து சில வருஷத்துல அத உடைச்சுரும். அப்புறம் தொட்டா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும், நகத்தால சுரண்டினா உருண்டு வரும். இருவது வருஷத்துக்கு முன்னால ஐரோப்பாவுலருந்து வந்த பெரிய பெரிய வண்டிகள்லயே இந்தக் கூத்து நடந்துருக்கு. லட்சக்கணக்குல குடுத்து வாங்குன மொதலாளி, கைப்பிடியத் தொட்டுட்டு வேட்டியில தொடைப்பாரு. நான் சிரிக்காம நிக்கணும். அதுதான் எங்க தொழில்ல கஷ்டமான வேலை.

பளபளன்னு கருப்புக் கண்ணாடி கணக்கா நடுப்பலகை வச்சிருக்கான், பியானோ பிளாக்காம். அதப் பத்தி ரொம்பப் பேசல. ஒங்க வாக்கட்டச் சுத்தி எட்டுத் திக்கும் கட்டடம் கட்டுதான். ஒருநாள் புழுதிய உலர்ந்த துணியால ஒரு தொடை தொடச்சாப் போதும். அம்புட்டுத்தான், பூராம் கீறல்.

சரி, சீட்டுக்கு வா. இது நம்ம ஏரியா.

லெதர் சீட்டுன்னான். நீ தலையாட்டுன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்க நாட்டுல பொறந்துட்டு, எந்த இடத்துல தோலுன்னு ஒரு கேள்வி கேட்டியா? பெரும்பாலான வண்டியில ஒடம்பு படுத நடுப்பகுதிதான் தோலு. சைடும் முதுகும் வினைல். அது ஏமாத்து இல்ல, விளம்பரத் தாள்ல பொடி எழுத்துல போட்டுருப்பான். அந்தத் தோலுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் பூச்சு உண்டு. நீ தொட்டுச் சிலிர்த்தது பூச்ச, மாட்ட இல்ல. ஒன் வெலைக்கு வருததோ தோலே இல்ல, லெதரெட். அதுலயும் ரெண்டு சாதி. ஒண்ணு பிவிசி, இன்னொண்ணு பியு. பியு தொடுதலுக்கு அம்சமா இருக்கும், மடிப்புல அழகா விழும். ஆனா அதுலயே மலிவு ரகம் ஈரத்துக்கு ஆகாது. ஈரம் அதோட கட்டமைப்ப உள்ளுக்குள்ளயே அறுத்துரும். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த ஊர்ல பெய்யுத மழைக்கு, நனஞ்ச சட்டையோட நீ ஏறி ஒக்காரப்போற. ஓரஞ்சாரத்துல செதில் செதிலா உரிய ஆரம்பிச்சா, ஊசி நூலு ஒண்ணும் பண்ணாது. மொத்தமா மாத்தணும். ஈரந் தாங்குத ஒசத்தி ரகமும் இருக்கு. எது எந்த ரகம்னு ஷோரூம் பையனக் கேளு. "சார், வென்டிலேட்டட் சீட் சார்"ம்பான்.

பென்ஸுன்னா ஒனக்கு மரியாதை. இந்தியாவுல மொத மொதல் பென்ஸ் காரு எங்க பூட்டுனான்? ஒனக்குப் பக்கத்துல, பிம்ப்ரியில, டாடா பேக்டரிக்குள்ள, 1995ல. 2009லருந்து சாக்கன்ல தனி ஆலை. அந்தப் பென்ஸ்காரன் அமெரிக்காவுல ரொம்பக் காலமா எம்பி-டெக்ஸ்னு ஒரு சீட்டுத் துணி குடுத்தான். என்னன்னு நெனைக்க? வினைல்லே, வினைல்! நம்ம ரெக்ஸினோட ஒண்ணுவிட்ட அண்ணன். அது ஒழைக்கிற ஒழைப்பப் பாத்துட்டு, தோலு வேண்டாம் அதையே குடுன்னு கேட்டு வாங்குனவன் நெறைய. வண்டியோட எஞ்சின் செத்த பெறகும் சீட்டு முழுசா இருந்துருக்கு. தடிமன் இருந்தது, பின்பக்கம் ஒட்டுன துணி நல்ல துணி, கலந்த மருந்து நல்ல மருந்து. பேரு வினைல்ங்கதுனால மட்டம்னு அவன் நெனைக்கல. நீ நெனைப்பே, ஏன்னா நீ விவரமானவன்.

அந்தா தாபோடி போனப்ப, எஸ்டிங்குத அரசு பஸ்ஸோட பணிமனை இருக்கே, அந்தப் பக்கம் ஒங்கூட்டாளி வீட்டுக்குப் போனோமே, நான் சீட்டப் பத்திப் பேசினேன்னு ஒனக்குக் கூச்சம். "தாத்தா, அது செவப்பு பஸ்ஸு"ன்ன. ஆமாலே, செவப்பு பஸ்ஸுதான். 1948 ஜூன் ஒண்ணாந்தேதி பூனாவுலருந்து அகமத்நகருக்குப் போச்சே அந்த மொதல் பஸ்லருந்து இன்னைக்கு வரைக்கும் அதுல ஏறாத சாமான் இல்ல. வெங்காய மூடை, பால் கேனு, அருவாள் செருகுன இடுப்பு. அந்த சீட்ட வடிவமைக்கிறவனுக்குத் தெரியும், ஒக்காருதவன் தடவிப் பாக்க மாட்டான், தள்ளிட்டு ஒக்காருவான்னு. கெட்டி ரெக்ஸின், கழட்டி மாட்டுத மாதிரி பலகை, கிழிஞ்சா ஒரே ஒரு சீட்ட மட்டும் மாத்தலாம். போசரியில சிஐஆர்டின்னு ஒரு நிலையம் 1967லருந்து இருக்கு, அரசு பஸ்ஸுக்கு வருத சாமானயும் அங்க சோதிச்சுப் பாக்காங்க. கோத்ரூட் பக்கம் வேதாள் மலையில அராய்ன்னு இன்னொரு சோதனைச்சாலை 1966லருந்து. இத்தனை சோதனைச்சாலைய ஊர்ல வச்சுக்கிட்டு நீ ஒரு விரல நம்புத. அந்த விரலுக்கு ஒரு கட்டடம் கட்டி, வாசல்ல போர்டு வச்சிரலாம்.

சோதனைன்னதும் ஞாபகம் வருது. ஒன் போன்ல நீதான காமிச்ச, ஃபோர்டு கம்பெனிக்காரன் ஒரு இயந்திரக் குண்டி செஞ்சு வச்சிருக்கத? ரோபட்னு பேரு வேற. நான் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டுது. அப்புறம் ராத்திரி யோசிச்சுப் பாத்தேன், அவன் கெட்டிக்காரன்லே. 10 வருஷத்துல மனுசன் எத்தனை தடவ ஏறி எறங்குவான்னு கணக்குப் போட்டு, 25,000 தடவ அத ஒக்கார வச்சு எந்திரிக்க வைக்கான், மூணே வாரத்துல. அதோட விட்டானா? வேர்வைக் குண்டின்னு இன்னொண்ணு. 36 டிகிரி சூடு காட்டி, 450 மில்லி தண்ணிய ஊத்தி, ஈரத்தோடயே 7,500 தடவ சீட்டுல நெளிய விடுதான். சீட்டு எங்க தேயும்னு எங்கள மாதிரி ஆளுககிட்டக் கேட்டுருந்தா வெத்தல பாக்கு செலவோட முடிஞ்சிருக்கும்: கதவுப் பக்கம் டிரைவர் சீட்டுல ஒரு மேடு இருக்கு பாத்தியா, ஏறும்போதும் எறங்கும்போதும் ஒன் தொடை அதுமேல தேய்ச்சுட்டுப் போகும். எந்த வண்டியும் மொதல்ல அங்கதான் கிழியும். அந்த மேட்டுல கெட்டித் துணி போட்டுருக்கானா, தையல் அதுக்கு நேரா வராம ஒதுங்கி ஓடுதான்னு மட்டும் பாரு.

தையல்ல ரகசியம் ரெண்டு. கிட்டக்கிட்டத் தைச்சாத்தான் பலம்னு வாடிக்கையாளர் நெனைப்பாரு. துணிக்குச் சரி. ரெக்ஸினுக்கு அப்படிப் போட்டா ஓட்டை மேல ஓட்டை விழுந்து, தபால் தலைத் தாளு கணக்கா இழுத்ததும் அந்தக் கோட்டோட கிழிஞ்சு வந்துரும். நூலும் பாக்கணும். பருத்தி நூலு வேர்வையில இத்துப் போகும். நைலான் நல்ல பலம், ஆனா வெயிலு பட்டா சோந்துரும். வெயில்படுத இடத்துக்கு பாலியஸ்டர் நூலுதான். அடியில கெடக்குத ஸ்பாஞ்சயும் விட்டுராத. கம்பெனி அச்சுல வாத்துக் குடுக்குத நுரை கன மீட்டருக்கு 50 கிலோ பக்கம் நிக்கும். கடையில அறுத்து விக்குத தாள் ஸ்பாஞ்சுல அதுல பாதிகூட இருக்காது. மொத ஒக்காருதலுக்கு அதுதான் சொர்க்கமா இருக்கும். ஒரு வருஷத்துல பள்ளம் விழுந்து, நீ வண்டிக்குள்ள ஒக்காந்துருக்கது வெளியத் தெரியாது. எங்க காலத்துல தேங்கா நாருல ரப்பர்ப் பால் தெளிச்சு அமுக்குன மெத்தை வரும். குத்தும், ஆனா காத்தோட்டம்.

"அதுக்குத்தான் தாத்தா சீட் கவர் போடப் போறேன்"ன. நானா பேட்டைக்குக் கூட்டிட்டுப் போயி ரோல் ரோலாக் காட்டுன. வைரக் கட்டம் போட்ட தையல், செவப்புப் பைப்பிங். எனக்கே ஆசையா இருந்துது. ஆனா இங்க மட்டும் நக்கல ஓரமா வச்சுட்டுச் சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒன் வண்டியில சைடு ஏர்பேக்கு சீட்டு முதுகுக்குள்ளயே இருக்கு. மோதுன கணத்துல அது அந்தப் பக்கத் தையலப் பிச்சுக்கிட்டு வெளிய வரணும். அதுக்குன்னே அந்த ஒரு தையலுக்கு மட்டும் லேசா அந்துபோற நூலப் போட்டுருப்பான். தெரியாத தையக்காரன் கெட்டி நூலால மேல கவரத் தைச்சு மூடிட்டான்னா பை வெளிய வராது. பக்கம் தொறந்த கவர்தானா, அந்த மாடலுக்குச் சோதிச்சதான்னு கேட்டு வாங்கு. இன்னொண்ணு, கம்பெனி உள்ள போடுத துணிக்கு நெருப்புச் சோதனை உண்டு. அமெரிக்கச் சட்டத்துல, கொளுத்திவிட்டா நிமிஷத்துக்கு 4 அங்குலத்துக்கு மேல தீ நடக்கக் கூடாது. நம்ம நாட்டுலயும் அதுக்கு விதி இருக்கு. ரோல்ல கெடக்கது என்ன வேகத்துல ஓடும்னு கடைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மத்ததுல ஒன் இஷ்டம். டேஷ்போர்டுக்குப் பளபளன்னு பாலிஷ் போடு, புழுதிக்கு ஒட்டிக்கிட இடம் வேணும்ல. கையில சானிடைசரக் கொட்டிட்டு ஈரம் காயுமுன்ன ஸ்டீயரிங்கப் புடி, அதுமேல இருக்க பூச்சு சாராயத்துக்கு எத்தனை நாள் தாங்கும்னு பாக்கலாம். ஒங்க ஆச்சி வந்தா முன்சீட்டுலயே ஒக்கார வையி. தேங்கா எண்ணெய் தடவுன கொண்டை அந்த பேஜ் தலையணையில ஒரு வட்டம் போடும். அத எந்த ஷாம்பூவும் எடுக்காது. ஊர்ல எந்த வண்டியக் காட்டி யார் வீட்டு வண்டின்னு கேட்டாலும், நான் அந்த வட்டத்த வச்சுத்தான் சொல்லுவேன்.

சரி, வெளையாட்டு போதும்னு மூஞ்சியத் தூக்காத. ஒண்ணே ஒண்ணு செய்யி. அந்த ஷோரூமுக்கு மறுபடி போகாத. பூனா ஸ்டேஷன் வாசல்ல பம்பாய்க்கு ஆள் ஏத்துத டாக்சி நிக்குமே, அங்க போ, இல்லன்னா லோகாவ் ஏர்போர்ட்டுப் பக்கம் போ. நீ வாங்கப்போற அதே மாடல், அஞ்சாறு வருஷம் ஓடுனது, எதாவது நிக்கும். டிரைவர்ட்ட ஒரு கட்டிங் சாயா வாங்கிக் குடு. கதவத் தொறந்து, நான் சொன்ன மேட்டப் பாரு. கதவுக் கைப்பிடிய நகத்தால சுரண்டு. மேல கூரைத் துணிய உள்ளங்கையால அமுக்கு. நுரை பொடிஞ்சிருந்தா துணி பைய்ய எறங்கித் தொங்கும். கியர் தலையில எழுத்து இருக்கா அழிஞ்சிருக்கா பாரு. சாக்கன் ரோட்டுக் குழியில விட்டா எந்த மூலை கடகடங்கும்னு அவனையே கேளு. அவன் சொல்லுவான், வண்டி வித்தவன விட நல்லாவே சொல்லுவான். 1998ல இதே பிம்ப்ரியில டாடா இண்டிகா எறங்குனப்ப வாங்குனவன் குறையச் சொன்னான், 2001ல வி2ன்னு திருத்திக் கொண்டாந்தான். ஓட்டுதவன் வாயிலருந்து வருதது அப்படி. 2023 அக்டோபர்லருந்து பாரத் என்கேப்னு வண்டிய மோதிப் பாத்து நட்சத்திரம் குடுக்கான், நல்ல காரியம். சீட்டுத் துணிக்கு நட்சத்திரம் குடுக்க ஆளில்ல. அந்த டாக்சிக்காரன் குடுப்பான்.

பாத்துட்டு வந்தும் ஒனக்கு அந்த மெத்துன்னு இருக்கதுதான் வேணும்னா, வாங்கு. வாழுத காலத்துல ஒரு ஆசை. ஆனா டெலிவரி எடுத்த அன்னைக்கே சீட்டுல சுத்தியிருக்க பாலிதீனக் கிழிச்சு எறிஞ்சுரு. நாலாவது வீட்டுக்காரன் வருஷக்கணக்கா உறையோடயே ஓட்டுதான். ஒக்காந்தா சரக் சரக்ங்குது, மழக்காலத்துல அடியில வேத்துப் பூஞ்சணம் புடிச்சு, ஏறுனா பழைய சோத்து வாடை. ஒனக்குக் கிழிக்க மனசு வரலன்னா சொல்லு. எம் பழைய கத்திரி இன்னும் கூராத்தான் இருக்கு, எடுத்துட்டு வாரேன். டிக்கெட்ட மட்டும் ஏசியில போடு, அந்தப் பெட்டியில சீட்டு என்ன ரெக்ஸின்னு ரொம்ப நாளாப் பாக்கணும்னு இருக்கு.